முழங்கால் கொடுக்க ஓர் ஆள்

நான் வேலை பார்த்த மியூசியத்தில் காவலர்களின் நாற்காலிகளை எடுத்துவிட்டார்களாம். இனிமேல் உட்கார்ந்து காவல் காக்கக் கூடாது. காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும். யாராவது கயிற்றைத் தாண்டினால் கூரையில் இருக்கிற கமரா பார்த்துக் காதில் இருக்கிற கருவிக்குச் சொல்லும். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் இதைச் சொல்லி அழுவதற்காகவே சென்ற மாதம் என்னைக் கோப்பிக்குக் கூப்பிட்டார்கள். அவர்களில் ஒருத்தி, நல்ல துடியாட்டமான துருக்கிப் பிள்ளை, நான் எப்போதாவது ஒரு பார்வையாளரைக் கயிற்றுக்குள் விட்டிருக்கிறேனா என்று கேட்டாள். ஒரே ஒருவரை விட்டேன் என்றேன். அவரைத் தடுக்கிற கமரா இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றும் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். முழுக் கதையையும் சொல்ல என் டொச் மொழிக்கு, அதாவது என் அரைகுறை ஜெர்மனுக்கு, சக்தி போதவில்லை. அதனால் தமிழில் எழுதுகிறேன்.

நான் காவலனாக வந்த கதை சின்னது. சுவிஸுக்கு அகதியாக வந்தேன், எங்கடின் என்ற மலைப்பகுதியில் ஒரு ஹோட்டலில் சட்டி கழுவினேன், பிறகு வின்டர்தூரில் ஒரு பட்டறையில் இரும்பு சுமந்தேன். நாரி பிடித்துக்கொண்டு இடுப்பை வளைக்க முடியாமல் போனது. பாரமில்லாத வேலை என்று சொல்லி, பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் இருந்த இந்தச் சிறிய மியூசியத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் சனம் கேள்விப்பட்டு, "சும்மா நிக்கிறதுக்குச் சம்பளமோ?" என்று கேட்டது. சும்மா நிற்பது என்ன வேலை என்று சும்மா நின்றவனுக்குத்தான் தெரியும். முதல் மாதம் முடிந்தபோது இரும்பே தேவலை என்று தோன்றியது.

எனக்கு மேலே இருந்தவர் ஹெர் கெல்லர், அதாவது திருவாளர் கெல்லர், தலைமைக் காவலர். ஆள் நெடுவல், மெலிவு. எப்போதும் குசுகுசுவென்றுதான் கதைப்பார். மியூசியத்துக்குள் என்றால் சரி, தெருவிலும் அப்படித்தான், தொலைபேசியிலும் அப்படித்தான். நெருப்புப் பிடித்தாலும் ஒவ்வொருவர் காதருகிலும் போய்த்தான் சொல்வார் என்று எங்களுக்குள் பகிடி. காலையில் ரயில் நிலையத்து மணிக்கூட்டைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு வந்து, அதைப் பார்த்து மியூசியத்து மணிக்கூடுகளை எல்லாம் சரிசெய்வார். அவை பிழையாக ஓடியதை நான் ஒருநாளும் காணவில்லை. ஆனாலும் செய்வார்.

வேலையை அவர் பழக்கிய விதம் இன்றைக்கும் உடம்பில் ஊறிக் கிடக்கிறது. காலையில் கூடத்துக்குள் போனதும் முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும், சுவரைப் பிறகு பார்க்கலாம். ஏதாவது கழன்றிருந்தால் அதன் துண்டு நிலத்தில்தான் கிடக்கும். பிறகு கண்ணாடிப் பெட்டிகளின் பூட்டு. பிறகு ஈரப்பதம் காட்டும் முள். பார்வையாளர் ஒருவர் கையை நீட்டினால் "தொடாதீர்கள்" என்று சொல்லக் கூடாது. பின்னால் இருந்தும் போகக் கூடாது, ஆள் திடுக்கிட்டு எதையாவது தட்டிவிடும். பக்கவாட்டாக வந்து, கைக்கும் பொருளுக்கும் இடையில் உடம்பை மெல்லக் கொண்டுபோய் வைத்து, "அருமையான பொருள், இல்லையா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். கை தானாகவே கீழே போய்விடும். இதே வித்தையை வீட்டில் பலகாரத் தட்டுக்கு முன்னால் என் மனைவி என்னிடமே செய்துகாட்டுகிறாள் என்பது வேறு கதை.

லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களும் குத்துச்சண்டை போட்ட வருடம். அதைச் சாட்டாக வைத்து, குத்துச்சண்டை எப்படி ஒரு விளையாட்டாக ஆனது என்று எங்கள் மியூசியம் ஒரு கண்காட்சி வைத்தது. ஹெர் கெல்லருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. சத்தம் வரும் என்று முன்கூட்டியே முகத்தைச் சுளித்தார். ஆனால் சத்தத்தை விடப் பெரிய தலையிடி கைகள்தான். அந்தக் கூடத்துக்குள் வருகிற ஆண்பிள்ளைகள் எல்லாரும், ஊன்றுகோல் பிடித்த கிழவர் உட்பட, இரண்டாவது கண்ணாடிப் பெட்டிக்குப் போவதற்குள் கையைப் பொத்திவிடுவார்கள். மூன்றாவது பெட்டியில் தோளை உயர்த்துவார்கள். நான்காவதில் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள்.

முதல் பெட்டியில் கிரேக்கர்கள் கையில் சுற்றிய மாட்டுத்தோல் வார். அவர்களுக்குச் சுற்றும் கிடையாது, இடைவேளையும் கிடையாது. ஒருத்தர் விரலை உயர்த்தித் தோல்வியை ஒத்துக்கொள்ளும்வரை அடிதான். அடுத்தது ரோமர்கள் தோலோடு உலோகத்தையும் சேர்த்துக் கட்டிய கைக்கவசம். மனிசன் முன்னேறுகிறான் என்று எவர் சொன்னது? அதற்குப் பிறகு பல நூற்றாண்டுக்கு அதிகம் தகவல் இல்லை. பிறகு ஒரேயடியாக இங்கிலாந்து, வெறுங்கை. தன் அடி பட்டு ஒருவன் செத்துப்போனதைத் தாங்கமாட்டாமல் ஒரு சண்டைக்காரரே உட்கார்ந்து முதல் விதிகளை எழுதினார் என்று சொல்கிறார்கள். விழுந்தவனை அடிக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. நாங்கள் கோயில் நிர்வாக சபைக்கு யாப்பு என்று சட்டதிட்டம் எழுதியதும் ஏறக்குறைய இதே ஒழுங்கில்தான், முதலில் அடிபாடு, பிறகு விதி.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த வெறுங்கைக் காலத்து வழக்கம் ஒன்று. அப்போது மூன்று நிமிடச் சுற்றெல்லாம் கிடையாது. ஒருத்தர் விழுந்தால் சுற்று முடிந்தது. விழுந்தவருக்கு அரை நிமிடம்தான் அவகாசம். அதற்குள் எழும்பி, நடுவில் கீறிய கோட்டுக்கு வர வேண்டும், வராவிட்டால் தோல்வி. அந்த அரை நிமிடம் இருந்து மூச்சு வாங்க நாற்காலி தரமாட்டார்கள். அவருடைய துணையாள் ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி, மற்ற முழங்காலை ஆசனமாகக் கொடுப்பான். சண்டைக்காரர் அதில் இருப்பார். கையுறையும் மூன்று நிமிடமும் பத்துவரை எண்ணுவதும் எல்லாம் பிறகு வந்தவை. மணிக்கூடு வரும்வரைக்கும் அது விளையாட்டே இல்லை, வெறும் சண்டை என்று ஹெர் கெல்லர் என் காதுக்குள் தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து அவருக்குக் கண்காட்சி கொஞ்சம் பிடித்துப்போனது.

கூடத்தின் நடுவில் மரக்கட்டை நட்டு, கயிறு கட்டி, மரத்தூள் பரப்பி, பழைய காலத்து அரங்கம் ஒன்று செய்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டேகால் மணிக்கு, உள்ளூர் குத்துச்சண்டைக் கழகத்துப் பெண்கள் இரண்டு பேர் அதில் ஒரு காட்சி செய்துகாட்டுவார்கள். முந்நூறு வருடத்துக்கு முன் லண்டனில் பெண்கள் சண்டை பிடித்தபோது இரண்டு கையிலும் ஒவ்வொரு நாணயத்தைப் பொத்திக்கொண்டு அடிப்பார்களாம். எவள் கையில் இருந்து நாணயம் முதலில் விழுகிறதோ அவள் தோற்றாள். கையை விரித்துப் பிறாண்டக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. எங்கள் காட்சிக்கு ஐந்து பிராங் நாணயங்கள். காட்சியில் நாணய விதியும் முழங்கால் வழக்கமும் ஒன்றாகவே வரும். இரண்டும் வேறு வேறு காலம், இது கலவைச் சோறு என்று ஹெர் கெல்லர் கழகத்துப் பயிற்றுநரின் காதுக்குள் முறையிட்டுப் பார்த்தார். பயிற்றுநர் கேட்கவில்லை. கடைசியில் சமாதானமாகி, நேரம் பார்க்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார்.

அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி ரெகுலா, தபால் கொண்டுவருகிறவள். மற்றவள் யாழினி, எங்கள் கமலாவின் மகள்.

கமலா என் மனைவியின் சிநேகிதி. யாழினி இங்கேயே பிறந்து வளர்ந்து பல் வைத்தியரிடம் வேலை செய்கிற பிள்ளை. அவள் குத்துச்சண்டை பழகுவது தாய்க்குத் தெரியும், எனக்குத் தெரியும், பஸ் ஓட்டுகிற தகப்பனுக்குத் தெரியாது. அவளுக்கு ஓர்லிகோனில் ரஜீவ் என்று ஒரு பொடியனோடு விருப்பம். அவனுக்கும் எல்லாம் தெரியும். தெரியக் கூடாத ஒரே ஆள் ரஜீவின் தாய், சரஸ்வதி அக்கா. எங்கடினில் இருபது வருடம் ஹோட்டல் அறைகளில் கட்டில் விரித்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்த மனிசி. கோயிலில் சுவிங்கம் சப்பினாள் என்று ஒரு பெண்ணை வேண்டாம் என்றவர் என்று பெயர். தாய் ஓம் என்றால்தான் கலியாணம், இல்லாவிட்டால் இல்லை என்று ரஜீவும் யாழினியும் தங்களுக்குள் முடிவு செய்துவிட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு இந்த வீம்பு என்று நான் கேட்டேன். தாயை அழவைத்துவிட்டு வருகிறவனோடு தனக்குச் சரிவராது என்றாள் யாழினி. எனக்கு அவளை அப்போது இன்னும் பிடித்துப்போனது.

பெண் பார்க்க எங்கே சந்திப்பது என்று பேச்சு வந்தது. வீட்டில் என்றால், சரிவராமல் போனால் மரியாதைக் கேடு. கோயிலில் என்றால் அர்ச்சனை முடிவதற்குள் சுவிஸ் முழுக்கத் தெரிந்துவிடும். எங்கள் சனம் ஒருநாளும் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது, என் மியூசியம் என்று நான்தான் சொன்னேன். எல்லாருக்கும் பிடித்தது. ஒரு ஞாயிறு நாலு மணிக்கு, மியூசியத்துக் கோப்பிக் கடையில். காட்சி மூன்று மணிக்கு முன் முடிந்துவிடும். பிள்ளை முகம் கழுவிச் சீலை கட்ட நேரம் இருக்கும். தகப்பனும் வேலை முடிந்து நாலு மணிக்கு வந்துவிடுவார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் என்பார்கள். நாங்கள் ஒன்றே ஒன்றைத்தான் மறைத்தோம்.

அந்த ஞாயிறு, காட்சிக்குச் சற்று முன், யாழினிக்கு முழங்கால் கொடுக்க வேண்டிய பெண்ணிடம் இருந்து செய்தி வந்தது. ரயில் இடைவழியில் நின்றுவிட்டது, வரமுடியாது. ரெகுலாவுக்கு அவள் புருசன் இருந்தான். யாழினிக்கு ஆள் இல்லை. ஹெர் கெல்லர் சுற்றிவரப் பார்த்துவிட்டு என் காதருகில் வந்தார்.

"ஹெர் சிவா, இன்று நீங்கள்தான் முழங்கால்."

காவலர் முழங்காலில் நிற்கலாமா என்று விதியில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, ஆகவே நிற்கலாம் என்றார். நானும் சிரித்துக்கொண்டு சம்மதித்தேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை, பார்க்க வந்திருப்பவர்களும் வெள்ளைக்காரர், எவர் என்ன நினைக்கப் போகிறார்?

சரியாக இரண்டு மணி. கூடத்து வாசலில் காஞ்சிபுரம் சீலையோடு சரஸ்வதி அக்கா நின்றார். பக்கத்தில் கோட் போட்ட புருசன். பின்னால் ரஜீவ், முகத்தில் இரத்தமே இல்லை.

கமலா சீலைப் பையோடு ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் அவளிடம் போய், நாலு மணி என்றுதானே கதை என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. நாலு மணிக்கு வரவேணுமெண்டால் எங்கடை சனத்துக்கு ரெண்டு மணியெண்டுதானே சொல்லவேணும்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் கலியாண வீடுகளில் அட்டையில் போடும் நேரத்துக்கு மண்டபத்தில் இருப்பது கதிரைகள் மட்டும்தான். ஆனால் எங்கடின் மலைரயிலைத் தவறவிட்டால் அன்றைய வேலை போய்விடும் என்று இருபது வருடம் ஓடித் திரிந்த மனிசி சரஸ்வதி அக்கா. அவரிடம் போய் இரண்டு மணி என்று சொன்னால் இரண்டு மணிக்குத்தான் வருவார். இதைக் கமலா எப்படி அறிவாள்?

நான் உடுப்பு மாற்றும் அறைக்கு ஓடினேன். யாழினி பழைய காலத்து நீளப் பாவாடையும் சட்டையுமாக, நாணயங்களைக் கையில் பொத்திப் பார்த்துக்கொண்டு நின்றாள். விசயத்தைச் சொன்னேன். தலையிடி என்று சொல்லி இப்படியே பின்கதவால் போய்விடலாம், நான் சமாளிக்கிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"இப்ப ஓடினால் காலம் முழுக்க ஒளிக்கவேண்டி வரும் மாமா. அவ பாக்கட்டும். பாத்திட்டு வேண்டாமெண்டால் வேண்டாம்."

சொல்லிவிட்டுப் பின்கதவை ஒருதரம் பார்த்தாள். ஆனாலும் கூடத்துக்குத்தான் போனாள்.

ரஜீவ் தாயை மேல்மாடிக்குக் கூட்டிப்போகப் பார்த்திருக்கிறான். சனம் எல்லாம் இங்கே நிற்கும்போது மேலே என்ன கிடக்கிறது என்று அவர் மறுத்துவிட்டார். நேரே வந்து, நான் காவல் நின்ற மூலையில், கயிற்றை ஒட்டியே நின்றார். என்னை அவருக்குத் தெரியும். தலையை ஆட்டினார். பயிற்றுநர் டொச்சில் நாணய விதியையும் அரை நிமிட விதியையும் முழங்கால் வழக்கத்தையும் விளக்கினார். அக்கா கவனமாகக் கேட்டார். பிறகு யாழினி கயிற்றுக்குள் வந்து கையை உயர்த்தினாள்.

இந்தப் பிள்ளையை எங்கேயோ படத்தில் கண்டமாதிரி இருக்கிறதே என்று அக்கா சொன்னார். ரஜீவ், "அதுதான் அம்மா யாழினி" என்றான். அக்கா அரங்கத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. அவருடைய கொண்டையைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கொண்டையில் ஒன்றும் தெரியவில்லை.

காட்சியில் அடி எல்லாம் பழகி வைத்த அடி. முதல் சுற்றின் முடிவில் யாழினி விழவேண்டும் என்பதும் பழகி வைத்ததுதான். ஆனால் அன்று அவளுக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. பாவாடை காலில் தடக்கி, உண்மையாகவே முகம் குப்புற மரத்தூளுக்குள் விழுந்தாள். ஹெர் கெல்லர் அரை நிமிடத்தை எண்ணக் கடிகாரத்தை அமத்தினார். ரெகுலா போய்ப் புருசனின் முழங்காலில் வசதியாக இருந்து தண்ணீர் குடித்தாள். யாழினி எழும்பி எங்கள் மூலைக்கு வந்தாள். கண்ணுக்குள் மரத்தூள், முழங்கையில் உரசிய காயம். இரண்டு கையிலும் நாணயம் என்பதால் முகத்தைத் துடைக்கவும் முடியாது, கயிற்றைப் பிடிக்கவும் முடியாது. என்னைப் பார்த்தாள்.

என்னால் அசைய முடியவில்லை. முழங்கால் கொடுத்தேன் என்றால், பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் ஒரு கிழவனின் மடியில் இருந்தாளாம் என்ற கதை பின்னேரத்துக்குள் ஓர்லிகோனில் புறப்பட்டு ஜெனீவா போய்ச் சேர்ந்துவிடும். கொடுக்காவிட்டால் பிள்ளை இத்தனை பேருக்கு முன்னால் அநாதைமாதிரி நிற்கிறாள். ஆப்பிழுத்த குரங்கு என்று படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அதன் பாடு விளங்கியது. ஹெர் கெல்லர் எதிர்ப்பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துத் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

சரஸ்வதி அக்கா என் பக்கம் திரும்பினார். "அண்ணை, உந்தப் பிள்ளைக்கு ஏன் ஒருத்தரும் இல்லை?"

"வாறவவின்ரை ரயில் நிண்டிட்டுது அக்கா."

"அப்ப நீங்கள் என்னத்துக்கு நிக்கிறியள்?"

"நான்… ஆம்பிளை அக்கா."

மேலும் கீழும் ஒருதரம் பார்த்தார். தன் கைப்பையை என் கையில் தந்துவிட்டு, கயிற்றில் கையை வைத்தார்.

இத்தனை வருடப் பழக்கம், என் உடம்பு தானாகவே நகர்ந்து அவருக்கும் கயிற்றுக்கும் இடையில் போய் நின்றுவிட்டது. அருமையான பொருள், இல்லையா என்று வாய்வரைக்கும் வந்தது. அக்கா என் நெஞ்சு உயரம்தான் இருப்பார். அண்ணாந்து பார்த்தார்.

"விலத்துங்கோ."

நான் ஹெர் கெல்லரைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் ஓடுகிறது என்பதைத் தவிர அந்த முகத்தில் வேறு உத்தரவு இல்லை. வேலையில் எனக்குச் சொல்லித்தந்த எதிலும் இதற்கு விடை கிடையாது. நான் விலகி, கைப்பை தொங்குகிற கையாலேயே கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன்.

அக்கா குனிந்து உள்ளே போனார். காஞ்சிபுரத்தைக் கொஞ்சம் உயர்த்திச் செருகினார். ஒரு முழங்காலை மரத்தூளில் ஊன்றி மற்றதை நீட்டி, "இரு பிள்ளை" என்றார். யாழினி விறைத்துப்போய் நின்றாள்.

"இருபது வருஷம் கட்டில் விரிச்ச முழங்கால். உடையாது. இரு."

இருந்தாள். அக்கா முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்து, முழங்கையில் ஒட்டிய தூளைத் தட்டி, மூலையில் வைத்திருந்த போத்தலை எடுத்து அவள் வாயில் வைத்துத் தண்ணீர் பருக்கினார். கூடத்தில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். இதுவும் காட்சியில் ஒரு பகுதி, அந்தக் காலத்தில் லண்டனில் இப்படித்தான் சீலை உடுத்தார்களாக்கும் என்று வெள்ளைக்காரர் நினைத்திருப்பார்கள். தூணுக்குப் பின்னால் கமலா விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் கண் கலங்கியது, கைப்பையில் துடைக்க முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.

"நேரம்" என்று ஹெர் கெல்லர் வாய்விட்டுக் கத்தினார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

அக்கா பிள்ளையின் முதுகில் தட்டி எழுப்பினார். "போ. காசை மட்டும் விட்டிடாதை."

இதில்தான் வந்தது வில்லங்கம். பழகி வைத்தபடி மூன்றாவது சுற்றில் யாழினி நாணயத்தைக் கீழே போட்டுத் தோற்க வேண்டும். மூன்றாவது சுற்று வந்தது. போடவில்லை. ரெகுலா அடித்தாள், தள்ளினாள், கடைசியில் போடு போடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எங்கள் மூலைவரை கேட்டது. யாழினி கையை இன்னும் இறுக்கினாள். வருங்கால மாமி சொன்ன முதல் சொல், தட்டுவாளா? பயிற்றுநர் தலையில் கை வைத்தார். களைத்துப்போன ரெகுலா, எனக்கு இன்னும் வேலை இருக்கிறது என்ற முகத்தோடு தன் நாணயத்தைத் தானே போட்டுவிட்டுப் போனாள்.

நாலு மணிக்குக் கோப்பிக் கடையில் எல்லாரும் ஒரு மேசையில் இருந்தோம். யாழினி சீலை கட்டி, ஈரத் தலையோடு, முழங்கையில் பிளாஸ்டருடன் தாய்க்குப் பக்கத்தில் ஒடுங்கி இருந்தாள். சரஸ்வதி அக்கா இன்னும் வாயைத் திறக்கவில்லை. அரங்கத்தில் செய்தது மனிசத் தன்மை, சம்பந்தம் என்பது வேறு விசயம் என்று எனக்குப் பயம். கமலா இரண்டுதரம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்து இரண்டுதரமும் அழுதாள். அந்த நேரம் பார்த்து, பஸ் கம்பனி உடுப்போடு தகப்பன் வந்து சேர்ந்தார். மனிசனுக்கு ஒன்றும் தெரியாது. எல்லாரையும் கும்பிட்டார், பிந்திவிட்டேனோ என்று கேட்டார், கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பிறகு தொண்டையைச் செருமி, வரும்வழியில் பாடமாக்கிக்கொண்டு வந்ததைக் கேட்டார்.

"பிள்ளையைப் பாத்தியள்தானே அக்கா. உங்கடை முடிவைச் சொல்லவேணும்."

ரஜீவும் யாழினியும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டே அவரைப் பார்த்தார்.

"மடியிலை இருத்திப்போட்டு வேண்டாமெண்டு சொல்லுற வழக்கம் எங்களிட்டை இல்லை."

எந்த மடி, எவர் மடி என்று தகப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அக்கா கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, இந்தக் கடைக்காரர் சீனிக்குச் சரியான கஞ்சல் என்றார்.